தோல்விக்குக் கூலி

1984-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துக் கூடைப்பந்து அணி சான் அன்டோனியோ அணியுடன் மோதிக்கொண்டிருந்தது. ஹூஸ்டன் அணியில் எல்வின் ஹேய்ஸ் என்றொருவர் இருந்தார். ஒரு காலத்தில் பேர்போன ஆட்டக்காரர். ஆனால் அப்போது அவருக்கு வயது 38. கூடைப்பந்து உலகத்தில் அது திண்ணையில் சாய்வு நாற்காலி போட்டுக்கொள்ள வேண்டிய வயது. அந்தப் பருவம் முழுவதும் அவரை ஆட்டத்துக்குச் சராசரி 12 நிமிஷம்தான் களத்தில் இறக்கினார்கள். அன்றைக்கோ, வழக்கமான 48 நிமிஷமும் போதாமல் கூடுதல் நேரமாக வந்த 5 நிமிஷமும் சேர்த்து, 53 நிமிஷமும் அவரையே ஆட விட்டார்கள். ஒரு கணம்கூட வெளியே உட்காரச் சொல்லவில்லை.

வயதானவருக்கு வழியனுப்பு மரியாதை என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். அந்தப் பருவத்தோடு அவர் ஓய்வு பெற்றார். ஆயுள் முழுவதும் அவர் ஆடிய நிமிஷங்களைக் கூட்டினால் சரியாக 50,000 வருகிறது என்பதையும் சாட்சிக்கு அழைக்கலாம். ஆனால் அதே ஹூஸ்டன் அணி, கடைசி 17 ஆட்டங்களில் 14 ஆட்டங்களைத் தோற்றது. தோற்றதால் அதன் கோஷ்டியில் கடைசி இடத்துக்கு இறங்கியது. கடைசி இடத்துக்கு இறங்கியதால் ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்க்கும் பாக்கியம் அதற்குக் கிடைத்தது. நாணயம் சாதகமாக விழுந்தது. நைஜீரியாவிலிருந்து வந்து அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்த ஹக்கீம் ஒலாஜுவான் என்ற ஏழடி இளைஞன் அந்த அணிக்குச் சொந்தமானான். பத்து வருஷம் கழித்து, 1994-லும் 1995-லும், அவன் அந்த ஊருக்கு வெற்றிக் கோப்பையை வாங்கிக் கொடுத்தான்.

தோற்றதற்குக் கிடைத்த கூலி அது. வேண்டுமென்று தோற்றார்கள் என்று எவரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அடுத்த வருஷமே விதியை மாற்றினார்கள். நிரூபிக்க முடியாத ஒன்றுக்காக விதியை மாற்றுகிறார்கள் என்றால், எல்லாருக்கும் உள்ளூர ஏதோ தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

விளையாட்டுச் செய்திகளை நான் விழுந்து விழுந்து படிக்கிறவன் அல்ல. இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த ஓர் ஏற்பாடு, இல்லாதவனைப் போல் நடிப்பதை லாபகரமான தொழிலாக ஆக்கிவிட்டது. அந்த நடிப்பைத் தடுக்க நாற்பது வருஷமாக எத்தனையோ கெட்டிக்காரர்கள் மூளையைக் கசக்கிக்கொண்டிருக்கிறார்கள். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட ருசியான விஷயம் கிடைக்குமா?

ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் 30 இருக்கின்றன. ஒவ்வொரு வருஷமும் கல்லூரிகளிலிருந்தும் அயல் நாடுகளிலிருந்தும் புதிய இளைஞர்கள் வருவார்கள். எந்த அணி யாரை எடுத்துக்கொள்வது? பணம் அதிகம் கொடுக்கிறவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால், பெரிய ஊர்க்காரர்களே நல்லவர்களையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே வரிசை வைத்தார்கள். போன பருவத்தில் மட்டமாக ஆடிய அணிகளுக்கு முன்னிடம், சிறப்பாக ஆடியவற்றுக்குப் பின்னிடம். தம் முறை வரும்போது ஒவ்வொருவரும் ஓர் இளைஞனைப் பெயர் சொல்லி அழைத்துக்கொள்ள வேண்டும். டிராஃப்ட் என்று இதற்குப் பெயர்.

இந்த யோசனை முதலில் உதித்தது கூடைப்பந்தில் அல்ல, அமெரிக்கக் கால்பந்தில். 1935-இல் பிலடெல்பியா அணியின் முதலாளி பெர்ட் பெல் என்பவர் இதைக் கிளப்பினார். அந்த வருஷம் அவருடைய அணி 2 ஆட்டங்களில் ஜெயித்து 9 ஆட்டங்களில் தோற்றிருந்தது. தானதர்மத்தைப் பற்றிய நல்ல யோசனைகள் பசித்தவன் வாயிலிருந்துதான் வருகின்றன போலும்! 1936-இல் நடந்த முதல் டிராஃப்டில் முதல் இடமும் அவருக்கே கிடைத்தது. அவர் அழைத்த ஜே பெர்வாங்கர் என்ற இளைஞன் அந்த விளையாட்டில் ஒரு நாள்கூடத் தொழில்முறையாக ஆடவில்லை. சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று வேறு வேலை பார்க்கப் போய்விட்டான்.

கால்பந்தில் ஒரு மனிதன் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். கூடைப்பந்தில் அப்படி விட முடியாது. களத்தில் ஐந்தே பேர். அந்த ஐவரில் ஒருவன் அசாதாரணமானவனாக இருந்துவிட்டால் அணியின் தலையெழுத்தே மாறிவிடும். 1969-இல் நடந்ததைப் பாருங்கள். அப்போது இரண்டு கோஷ்டிகளிலும் கடைசியாக வந்த இரு அணிகளுக்குள் நாணயம் சுண்டி முதல் இடத்தைத் தீர்மானிப்பார்கள். ஃபீனிக்ஸ் அணி 16 ஆட்டங்களில் ஜெயித்து 66-இல் தோற்றிருந்தது. மில்வாக்கி 27-இல் ஜெயித்து 55-இல் தோற்றிருந்தது. இரண்டும் ஏழைகள்தான். ஆனால் ஃபீனிக்ஸ் பரம ஏழை. தலை என்று கேட்டது ஃபீனிக்ஸ். பூ விழுந்தது. பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜபார் என்று பெயர் மாற்றிக்கொண்டு உலகப் புகழ் பெற்ற லூ ஆல்சிண்டர் மில்வாக்கிக்குப் போனார். இரண்டே வருஷத்தில், 1971-இல், மில்வாக்கி கோப்பையை வென்றது. 2025 வரைக்கும் ஃபீனிக்ஸ் ஒரு தடவைகூட வென்றதில்லை. ஒரு நாணயம் ஒரு பக்கமாக விழுந்ததற்கு ஓர் ஊர் ஐம்பது வருஷத்துக்கு மேல் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது.

ஹூஸ்டன் விவகாரத்துக்குப் பிறகு, 1985-இல், நாணயத்தை விட்டுவிட்டுக் குலுக்கலுக்கு வந்தார்கள். பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறாத 7 அணிகளின் பெயர்களையும் உறைகளில் போட்டு, ஓர் உருளையில் இட்டுச் சுழற்றினார்கள். எல்லாருக்கும் சம வாய்ப்பு. கடைசி இடத்துக்கு இறங்குவதால் இனி லாபம் இல்லை அல்லவா? நியூயார்க் அணிக்கு முதல் இடம் விழுந்து, பாட்ரிக் யூவிங் அங்கே போனார். பெரிய ஊருக்கே பெரிய ஆள் போனதால், உறையைக் குளிரூட்டி அடையாளம் வைத்தார்கள் என்ற வம்பு இன்றைக்கும் ஓயவில்லை. வம்பு கிடக்கட்டும். எனக்கு உறுத்துவது இன்னொரு உறை. 22 ஆட்டங்களில் மட்டுமே ஜெயித்து, இந்தியானாவோடு சேர்ந்து எல்லாருக்கும் கீழே கிடந்த கோல்டன் ஸ்டேட் அணிக்கு அன்று ஏழாவது இடம், அதாவது கடைசி இடம் கிடைத்தது. ஏமாற்றுக்காரனைத் தடுக்க வைத்த வலையில் உண்மையான ஏழை மாட்டிக்கொண்டான்.

அன்றிலிருந்து இந்த விதியின் சரித்திரம் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. 1987-இல், முதல் மூன்று இடங்களுக்கு மட்டும் குலுக்கல் போதும் என்றார்கள். 1990-இல், மோசமான அணிக்கு 66-இல் 11 பங்கு வாய்ப்பு, ஓரளவு நன்றாக ஆடிய அணிக்கு ஒரே பங்கு என்று இரக்கத்தின் பக்கம் சாய்ந்தார்கள். 1993-இல் பாருங்கள், முந்திய வருஷம்தான் ஷாக்கில் ஓ'நீலை முதல் இடத்தில் பெற்றிருந்த ஆர்லாண்டோ, 41 ஆட்டங்களில் ஜெயித்த ஆர்லாண்டோ, அந்த ஒரே ஒரு பங்கை வைத்துக்கொண்டு மறுபடியும் முதல் இடத்தைத் தட்டிக்கொண்டு போயிற்று. ஊரெல்லாம் சிரித்தது. உடனே மோசமான அணியின் வாய்ப்பை நூற்றுக்கு 25 என்று உயர்த்தினார்கள். ஏழைக்கு இரங்கினால் போலி ஏழை வருகிறான். போலியை விரட்டினால் ஏழை அடிபடுகிறான். இரண்டும் கூடாது என்று சட்டம் எழுதுகிறவன் ஒவ்வொரு தடவையும் ஊஞ்சலின் ஒரு முனைக்குப் போய்த் திரும்புகிறான்.

இந்த 25 விகித காலத்தில்தான் பிலடெல்பியாவில் ஒரு மனிதர் வந்தார். சாம் ஹின்கி என்று பெயர். 2013-இல் அணியின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார். சூதாடி அல்ல, குடிகாரர் அல்ல. கணக்குத் தெரிந்தவர். நடுத்தரமாக ஆடிக்கொண்டிருந்தால் நடுத்தரமாகவே இருந்து சாவோம், கீழே போனால்தான் மேலே வரலாம் என்பது அவர் கணக்கு. வந்த சூட்டிலேயே, அணியின் சிறந்த இளம் ஆட்டக்காரரான ஜ்ரூ ஹாலிடேயை விற்று, முழங்கால் அடிபட்டுக் கிடந்த ஒரு பையனையும் ஒரு வருங்காலத் தேர்வு உரிமையையும் வாங்கினார். அந்தப் பையன் முதல் பருவத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. மறு வருஷம் எடுத்த ஜோயல் எம்பீட் கால் எலும்பு முறிந்து இரண்டு பருவங்கள் உட்கார்ந்திருந்தார். மூன்று பருவங்களில் அந்த அணி ஜெயித்தது 19, 18, 10 ஆட்டங்கள். கூட்டினால் 47 வெற்றி, 199 தோல்வி. ரசிகர்கள் கல்லெறிந்தார்களா என்றால், இல்லை. "இந்த முறையை நம்பு" என்று ஒரு கோஷத்தை உண்டாக்கிக்கொண்டு, தோல்வியை விரதம் மாதிரி அனுசரித்தார்கள். எல்லாரும் அல்ல, கணிசமானவர்கள்.

என் நண்பர் ஒருவர் வக்கீல். எதையும் சட்டத்தின் கோணத்தில் பார்க்கிறவர். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன்.

"இதில் தப்பு எங்கே இருக்கிறது?" என்றார். "எந்த விதியையும் மீறவில்லை. எந்த ஆட்டக்காரனிடமும் தோற்றுவிடு என்று சொல்லவில்லை. கோட்டைக்குள் போக ஒரு வாசல் திறந்திருக்கிறது, அதில் நுழைந்தார். குற்றம் வாசலைத் திறந்து வைத்தவன் மேல்."

"அப்படியானால் அந்த ஆட்டக்காரர்கள்?"

"அவர்களுக்கென்ன? சம்பளம் வந்ததல்லவா?"

எனக்கு அந்தப் பதிலில் சமாதானம் ஏற்படவில்லை. அந்த 199 தோல்விகளிலும் களத்தில் ஓடியவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தேன். எந்த அணியும் டிராஃப்டில் பெயர் சொல்லி அழைக்காத ராபர்ட் கவிங்டன் அதில் இருந்தார். அவரைப் போலவே யாரும் அழைக்காத டி.ஜே. மக்கானல் என்ற குட்டையான மனிதர் இருந்தார். இப்படிப்பட்டவர்கள் உயிரைக் கொடுத்துத்தான் ஆடினார்கள். ஆடித்தானே ஆக வேண்டும்? இன்றைக்கு நன்றாக ஆடினால்தான் நாளைக்கு வேலை. கவிங்டன் 2018-இல் அந்த விளையாட்டின் தலைசிறந்த ஐந்து தடுப்பாட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மக்கானல் 2025-இல் இந்தியானா அணிக்காக இறுதிப் போட்டியிலேயே ஆடினார். இவர்களை ஹின்கி தோற்கச் சொல்லவில்லை என்பது உண்மை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இவர்கள் முழு மூச்சோடு ஆடினாலும் தோற்றுப் போவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் இவர்களை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

இதில்தான் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது. ஒருவனைப் பார்த்து "நீ பாதி வேலை செய், போதும்" என்று சொன்னால் அது ஒரு விதமான கேவலம். "நீ முழு வேலையும் செய். உன் முழு வேலையும் எதற்கும் பற்றாது என்று தெரிந்துதான் உன்னை அழைத்தேன்" என்று, வாயால் சொல்லாமல், நினைத்துக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய கேவலம் இல்லையா? அந்த மனிதன் இரவு வீட்டுக்குப் போய், வலிக்கிற முழங்காலில் பனிக்கட்டியை வைத்துக்கொண்டு, இன்று எந்த இடத்தில் தவறினோம் என்று யோசித்துக்கொண்டிருப்பான். அவன் தவறவே இல்லை. அவனிடம் எதிர்பார்த்ததை அவன் செய்து முடித்துவிட்டான். வக்கீல் நண்பர் சொல்லும் சட்டத்தில் இந்தக் குற்றத்துக்குப் பிரிவு கிடையாது. எனக்கோ, இது குற்றம்.

2016 ஏப்ரலில் ஹின்கி ராஜிநாமா செய்தார். 13 பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அந்த அணிக்கு 2016-லும் 2017-லும் முதல் இடமே கிடைத்தது. எம்பீட் 2023-இல் அந்த விளையாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் பெற்றார். ஆனாலும் 2025 வரை பிலடெல்பியா பிளே-ஆஃபின் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. 2017-இல் அவர்கள் பெற்ற முதல் இடம் பாஸ்டனிடமிருந்து பண்டமாற்றாக வந்தது. பாஸ்டனுக்கோ அது புரூக்ளினிடமிருந்து வந்தது. அந்த வருஷம் எல்லாரையும்விட மோசமாக ஆடிய புரூக்ளின், தன் உரிமையை 2013-லேயே பாஸ்டனுக்கு விட்டுக்கொடுத்திருந்ததால், தோற்றுத் தோற்று அடுத்த வீட்டுக்காரனைப் பணக்காரனாக்கியது. பாஸ்டன் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு மூன்றாவது இடத்தில் ஜேசன் டேட்டம் என்பவரை எடுத்துக்கொண்டது. 2024-இல் அவரை வைத்துக்கொண்டு கோப்பையும் வென்றது. பசித்தவனுக்கு என்று போட்ட இலையில் யார் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பிலடெல்பியாவைப் பார்த்துப் பயந்து, 2014-லேயே விதியைத் திருத்த முயன்றார்கள். 30 அணிகளில் 23 சம்மதிக்க வேண்டும். 17 சம்மதித்தன, 13 மறுத்தன. நாளைக்கு நாமும் கீழே விழலாம் என்ற பயம் சிறிய ஊர்க்காரர்களுக்கு. 2017-இல் 28 அணிகள் சம்மதித்துத் திருத்தம் நிறைவேறியது. 2019-இல் நடப்புக்கு வந்தது. மிக மோசமான மூன்று அணிகளுக்கும் சமமாக நூற்றுக்கு 14 வாய்ப்பு. கடைசிக்கும் கடைசியாக இருப்பதில் இனிப் பெரிய ஆதாயம் கிடையாது.

பலன்? 2019 முதல் 2025 வரை ஏழு குலுக்கல்கள். ஏழிலும், எல்லாரையும்விட அதிகமாகத் தோற்ற அணிக்கு முதல் இடம் ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. 2024-இல் நூற்றுக்கு 3 வாய்ப்பே இருந்த அட்லாண்டாவுக்கு அடித்தது யோகம். 2025-இல் 1.8 வாய்ப்பு இருந்த டல்லாஸுக்கு அடித்தது.

டல்லாஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2018-இல் அந்த அணியின் அப்போதைய முதலாளி மார்க் கியூபன், தோற்பதுதான் நமக்கு நல்லது என்று ஆட்டக்காரர்களிடம் சொன்னதாக வெளிப்படையாகப் பேசிவிட்டார். 6 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். எல்லாரும் செய்கிற காரியத்தை வாய்விட்டுச் சொன்னவருக்குத் தண்டனை! 2023 ஏப்ரலில் அதே அணி, தன் தேர்வு உரிமை நியூயார்க்குக்குப் போய்விடாமல் காப்பாற்றிக்கொள்வதற்காக, பிளே-ஆஃபுக்குள் நுழையும் வாய்ப்பு இருந்தபோதே முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்துத் தோற்றது. ஏழரை லட்சம் டாலர் அபராதம். உரிமை கையில் தங்கியது. அதை மாற்றிக் கிடைத்த இளைஞனையும் வைத்துக்கொண்டு அடுத்த வருஷமே இறுதிப் போட்டி வரைக்கும் போனார்கள். ஏழரை லட்சம் டாலரை அபராதம் என்பதா, விலை என்பதா?

இன்னும் தீவிரமான யோசனைகளும் இருக்கின்றன. பாஸ்டன் அணியின் நிர்வாகி மைக் ஸாரன் 2013 வாக்கில் ஒரு சக்கரத்தை வரைந்தார். 30 அணிகள், 30 வருஷம். ஒவ்வொரு அணியும் ஒவ்வொரு இடத்திலும் முப்பது வருஷத்தில் ஒரு தடவை உட்காரும். ஜெயித்தாலும் தோற்றாலும் உன் முறை உனக்கு. இதில் பொய்க்கு இடமே இல்லை என்பது உண்மை. இரக்கத்துக்கும் இடம் இல்லை. பசியைக் கேட்காமல் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சோறு போடுகிற ஏற்பாடு அது. ஆடம் கோல்ட் என்ற இன்னொருவரின் யோசனை எனக்கு முதலில் மிகவும் பிடித்திருந்தது. பிளே-ஆஃப் வாய்ப்பு முற்றும் போய்விட்ட நாளிலிருந்து ஓர் அணி எத்தனை ஆட்டங்களில் ஜெயிக்கிறதோ, அதை வைத்து வரிசையை நிர்ணயிக்கலாம் என்றார் அவர். மோசமான அணி சீக்கிரமே வெளியேறிவிடுவதால் ஜெயிப்பதற்கு அதற்கு அதிக நாட்கள் கிடைக்கும். ஏழ்மைக்கும் சலுகை, உழைப்புக்கும் மதிப்பு. வட அமெரிக்காவில் பெண்களின் தொழில்முறை ஐஸ் ஹாக்கிப் போட்டியில் முதல் பருவத்திலிருந்தே இதைக் கையாளுகிறார்கள். ஆனால் அதிக நாட்கள் கொடுத்தும் ஜெயிக்கவே முடியாத அணிக்கு என்ன வழி? எழுந்து நிற்க முடியாதவனைப் பார்த்து, பந்திக்கு ஓடி வந்தால் சோறு என்கிறோம்.

டிராஃப்டையே எடுத்துவிடலாம் என்கிறவர்களும் உண்டு. படித்து முடித்த பையன் எந்த ஊரில் வேலை பார்ப்பது என்பதை அவன் அல்லவா தீர்மானிக்க வேண்டும்? அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அவனை ஒரு பண்டமாக வைத்துக்கொண்டு இத்தனை தர்மம் பேசுகிறோமே என்று எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை எடுத்துவிட்டால் சிறிய ஊர்கள் என்ன ஆகும் என்ற பழைய கேள்வி திரும்பி வந்துவிடும். அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம்மில் ஒரு பழமொழி இருக்கிறது. சின்ன வயதில் அதைக் கேட்டபோது, கொடுப்பதற்கு முன் விசாரி என்று பொருள் செய்துகொண்டேன். வயதாக ஆக, கொடுக்க மனமில்லாதவர்கள்தான் அதை அடிக்கடி சொல்கிறார்கள் என்று தோன்றத் தொடங்கிற்று. கொடுத்து ஏமாறுவது ஒரு தவறு. ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தில், நிஜமாகவே இல்லாதவனை வெறுங்கையோடு அனுப்புவது இன்னொரு தவறு. இரண்டில் ஒன்றைச் செய்தே தீர வேண்டும் என்றால் நான் முதல் தவறையே செய்வேன்.

வக்கீல் நண்பர் இதற்கும் விடவில்லை. "ஏமாறுகிறவன் நீ மட்டும் என்றால் சரி. ஜனவரி மாதக் குளிரில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கி, குழந்தையையும் அழைத்துக்கொண்டு போய் உட்காருகிறானே, அவனும் அல்லவா ஏமாறுகிறான்? ஒரு தரப்பு ஜெயிக்க விரும்பாத போட்டியை அவனுக்கு விற்றிருக்கிறார்கள். உன் தாராளத்துக்கு அவன் ஏன் விலை கொடுக்க வேண்டும்?" என்றார்.

இதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. தோற்பது என்று முடிவு செய்கிறவன் யார்? முதலாளியும் அவருடைய நிர்வாகியும். தோற்கிறவர்கள் யார்? ஆட்டக்காரர்களும் டிக்கெட் வாங்கியவனும் அந்த ஊரும். ஒரே சட்டையைப் போட்டிருப்பதால் இருவரையும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொள்கிறோம். குலுக்கலில் வாய்ப்பைக் குறைக்கிறபோது தண்டனை யாருக்குப் போய்ச் சேருகிறது? ஊருக்கு. இன்னும் ஐந்து வருஷம் மட்டமான ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிரு என்று அந்த டிக்கெட் வாங்கியவனுக்குத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். முதலாளியின் பெட்டி நிறைந்துகொண்டுதான் இருக்கிறது. தேசிய அளவில் தொலைக்காட்சிக்காரர்கள் கொடுக்கிற பணம், ஜெயித்தவன் தோற்றவன் என்ற பேதம் இல்லாமல் 30 அணிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. 2024-இல் செய்துகொண்ட ஒப்பந்தம் 11 வருஷத்துக்குச் சுமார் 7,600 கோடி டாலர். சராசரி பார்த்தால் ஓர் அணிக்கு வருஷத்துக்கு 20 கோடி டாலருக்கு மேல் வருகிறது. ஏழரை லட்சம் அபராதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இங்கிலாந்தின் கால்பந்தில் டிராஃப்ட் கிடையாது. ஆனால் முதல் வரிசைப் போட்டியில் கடைசி மூன்று இடங்களுக்கு வருகிறவர்களைக் கீழ் வரிசைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வருமானம் ஒரேயடியாகச் சரிந்துவிடும். ஏப்ரல் மாதத்தில் அங்கே கடைசி அணி ஆடுகிற ஆட்டத்தில் உயிர் துடிக்கும். அது கொடூரமான ஏற்பாடு, விழுந்தவனை இன்னும் மிதிக்கிற ஏற்பாடு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அமெரிக்கர்கள் தோற்ற முதலாளிக்குப் பணத்தையும் கொடுத்து ஆளையும் கொடுக்கிறார்கள். இரண்டில் ஒன்றை நிறுத்தினால் போதாதா? ஆளைக் கொடுக்கட்டும், பழையபடி மிக மோசமான அணிக்கே முதலில் கொடுக்கட்டும். அது ஊருக்குப் போகிற பிச்சை. வருஷா வருஷம் அடித்தட்டிலேயே கிடக்கிற அணியின் முதலாளிக்குத் தொலைக்காட்சிப் பங்கில் ஒரு நல்ல பகுதியைப் பிடித்துக்கொள்ளட்டும். முதல் வருஷம் கொஞ்சம், மூன்றாம் வருஷம் நிறைய. நேர்மையாகத் தோற்ற முதலாளியும் இதில் அடிபடுவாரே என்றால், அடிபடட்டும். அந்த அடியைத் தாங்குகிற சக்தி, அந்த ஊரில் எல்லாரையும்விட அவருக்குத்தான் அதிகம். விதியை ஓட்டுப்போட்டு மாற்றுகிறவர்களும் அதே முதலாளிகள்தான் என்பதால், என் யோசனைக்கு 23 ஓட்டுக் கிடைக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

டெட்ராய்ட் நகரத்து அணியை நினைத்துக்கொண்டுதான் இதையெல்லாம் எழுதினேன். 2022-23 பருவத்தில் அது 17 ஆட்டங்களில் ஜெயித்து 65-இல் தோற்று எல்லாருக்கும் கீழே வந்தது. குலுக்கலில் கிடைத்தது ஐந்தாவது இடம். அடுத்த பருவத்துக்கு, இனித் தோற்கக் கூடாது என்று, மான்டி வில்லியம்ஸ் என்ற பயிற்சியாளரை, அந்த விளையாட்டில் அதுவரை எந்தப் பயிற்சியாளருக்கும் கொடுக்காத சம்பளத்தில் அழைத்து வந்தார்கள். தோற்க விரும்புகிறவன் செய்கிற காரியமா இது? ஆனால் 2023 அக்டோபர் கடைசியில் தோற்க ஆரம்பித்தவர்கள் நவம்பர் முழுவதும் தோற்றார்கள், டிசம்பரிலும் தோற்றார்கள். அணியை விற்றுவிடு என்று சொந்த ஊர்க்காரர்களே அரங்கத்தில் கூச்சலிட்டார்கள். டிசம்பர் 28-ஆம் தேதி பாஸ்டனில், பாதி ஆட்டத்தில் பெரிய முன்னிலையில் இருந்தும், கூடுதல் நேரம் வரை இழுத்துக்கொண்டு போய்த் தோற்றார்கள். தொடர்ந்து 28-ஆவது தோல்வி. ஒரே பருவத்தில் அதற்கு முன் யாரும் அத்தனை தொடர்ந்து தோற்றதில்லை.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 30 இரவு, டெட்ராய்டில் டொரான்டோ அணியுடன் ஆட்டம். 127-க்கு 129 என்று இரண்டே புள்ளியில் டெட்ராய்ட் ஜெயித்தது. கோப்பையை வென்றவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. குலுக்கல் கணக்கில் அந்த வெற்றியால் அவர்களுக்குக் காலணா பிரயோஜனம் கிடையாது. அந்தப் பருவத்தை 14 வெற்றி, 68 தோல்வி என்று முடித்து மறுபடியும் எல்லாருக்கும் கீழே வந்தார்கள். 2024 மே மாதத்தில் குலுக்கினார்கள். மறுபடியும் ஐந்தாவது இடம்.